கல் ஆடிய காப்பு: டர்க்காய்ஸும் வெள்ளியும் பிரித்துச் சேர்த்த அனுபவம்

காதருகே வைத்து ஆட்டினால் கடகடவென்று மெல்லிய சத்தம். இந்தக் காப்பு எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்ததே அந்தச் சத்தத்தால்தான். நான் இருப்பது நியூ மெக்சிகோவில், அல்புகர்க்கியில். அங்கிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் கேலப் என்று ஓர் ஊர், நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலத்தை ஒட்டியது. அங்கே அடகுக் கடைகள் நிறைய. நம் ஊரில் வட்டி கட்ட முடியாமல் நகை மூழ்கிப்போகும் இல்லையா, அதே மாதிரி மீட்கப்படாமல் போன நகைகள் அங்கேயும் கண்ணாடிப் பெட்டிக்குள் விற்பனைக்கு வரும். யாரோ ஒருவருடைய வீட்டு நகை என்ற நினைப்போடுதான் அதைக் கையில் எடுத்தேன், இன்னும் அந்த நினைப்பு போகவில்லை.

திறந்த வாய்க் காப்பு, 43 கிராம். நடுவில் 22 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரே ஒரு முட்டை வடிவ டர்க்காய்ஸ் கல், பச்சை கலந்த நீலம், உள்ளே பழுப்பு நிறத்தில் வலை மாதிரி ஓடும் கோடுகள். கல்லைச் சுற்றி நிற்கும் வெள்ளி விளிம்பு ரம்பப் பல் மாதிரி வெட்டப்பட்டு, ஒவ்வொரு பல்லும் கல்லின் மேல் மடங்கிப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் ஒரு பக்கம் ஐந்து பற்கள் நிமிர்ந்து நின்றன, விளிம்பின் அடியில் தகடோடு ஒட்டும் இடத்தில் ஒரு கீறல். வெள்ளி முழுக்கக் கறுப்பு. உள்பக்கம் ‘ஸ்டெர்லிங்’ என்ற முத்திரை தெளிவாக இருந்தது, அதன் பக்கத்தில் செய்தவரின் எழுத்து தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை.

ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் தாமிரம். சொக்க வெள்ளியில் காப்பு செய்தால் வளைந்து வளைந்து உருவம் போய்விடும், தாமிரம் சேர்ந்தால்தான் விறைப்பு வரும். முத்திரை இல்லை என்பதாலேயே ஒரு பழைய நவஹோ நகையைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், தொடக்க காலத்தில் முத்திரை குத்தும் வழக்கமே அவர்களிடம் இல்லை. ஆனால் ‘ஜெர்மன் சில்வர்’ என்று சொல்லி யாராவது கொடுத்தால் அதில் வெள்ளி துளியும் கிடையாது, தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

இந்தக் காப்பைத் தொடுவதற்கு முன்பே நான் ஒரு தப்பு செய்திருந்தேன், அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும். சான்டா ஃபேயில் பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் தரையில் துணி விரித்து, தாங்களே செய்த நகைகளை விற்பார்கள். அங்கே வாங்கிய காதணி ஒன்று, ஒவ்வொரு காதிலும் ஊசிமுனை மாதிரி ஒல்லியான ஒன்பது டர்க்காய்ஸ் கற்கள். இரண்டு வருடத்தில் வெள்ளி கறுத்தது. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சோடா உப்பும் கொதிநீரும் ஊற்றி முக்கி எடுத்தால் வெள்ளி வெளுத்துவிடும் என்று எல்லோரும் சொல்வதைச் செய்தேன். வெளுத்தது உண்மைதான். வெள்ளியின் மேல் படிவது வெள்ளி சல்ஃபைடு, அலுமினியம் அதிலிருக்கும் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, வெள்ளி திரும்ப வெள்ளியாகிறது, அப்போது வரும் அழுகிய முட்டை வாசனையே அதற்குச் சாட்சி. தட்டு, டம்ளர், குங்குமச் சிமிழ் எல்லாவற்றுக்கும் அது நல்ல வழி. டர்க்காய்ஸ் பதித்த நகைக்கு அது கேடு. வெளியே எடுத்தபோது கற்கள் மங்கிப்போயிருந்தன, மெருகு போய் சாக்பீஸ் மாதிரி ஒரு வெளுப்பு, காய்ந்த பிறகும் திரும்பவில்லை. ஒரு கல் கழன்று பாத்திரத்தின் அடியில் கிடந்தது. பள்ளமான வேலைப்பாடுகளில் செய்தவர் வேண்டுமென்றே ஏற்றியிருந்த கறுப்பும் போய், எல்லாம் ஒரே தட்டையான வெள்ளையாக நின்றது. அன்று ராத்திரி முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

ஏன் அப்படி ஆனது என்று தேடிப் படித்ததில்தான் இந்தக் கல்லின் குணமே புரிந்தது. டர்க்காய்ஸ் என்பது தாமிரமும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட், அதன் கட்டமைப்புக்குள்ளேயே தண்ணீரும் உண்டு. நீலம் தாமிரத்தால், இரும்பு கூடக்கூடப் பச்சை. வறண்ட நிலத்தில், தாமிரம் கரைந்த நீர் பாறை இடுக்குகளில் மெல்ல ஊறி இறங்கி உண்டாகும் கல் இது, அதனால்தான் ஈரானின் நிஷாபூர், எகிப்தின் சினாய், இங்கே அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ என்று பாலை நிலங்களாகப் பார்த்துக் கிடைக்கிறது. கெட்டித்தன்மை, கற்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 5 முதல் 6 வரைதான். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள் 7. அதாவது தூசியோடு சேர்த்து அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். எல்லாவற்றையும்விட முக்கியம், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த கல் இது. எண்ணெய், வியர்வை, சோப்பு, சென்ட், மஞ்சள், எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சியது திரும்ப வெளியே வராது. சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் போய் நிறம் செத்துவிடும்.

இந்த நுண்துளைகளால்தான் சந்தையில் வரும் கல்லில் பெரும்பகுதி பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தப்பட்டது. அதைச் சொல்லி விற்றால் அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தினமும் போட்டுக்கொள்ள அதுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். ஏமாற்று என்பது வேறு: ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லில் இயற்கையாகவே சாம்பல் நிறக் கோடுகள் ஓடும், அதற்கு நீலச் சாயம் ஏற்றினால் அப்படியே டர்க்காய்ஸ் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய மணிமாலை ஒன்று என்னிடம் இருந்தது, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரு மணியை ஒற்றியதும் பஞ்சு நீலமாகிவிட்டது. நல்ல நகையில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், பிசின் ஏற்றிய கல்லின் மேல்பூச்சை அசிட்டோன் கெடுக்கும். இன்னொன்று, நிறத்தைப் பார்த்தே இது இந்தச் சுரங்கத்துக் கல் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அரிசோனாவில் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் 2012-இல் டர்க்காய்ஸ் எடுப்பது நின்றது, கோடில்லாத வானநீலம் அதன் அடையாளம். இன்று கோடில்லாத நீலக் கல் எதைக் கண்டாலும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, காப்புக்கு வருவோம்.

காதணி தந்த பயத்தில், நகர மையத்தில் இருக்கும் பொதுப் பட்டறையில் வெள்ளி வேலை சொல்லித்தரும் பெரியவரிடம் காப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இதைத் தண்ணீரில் போட்டாயா?” நான் போடவில்லை. “அப்படியானால் உனக்கு முன்னால் யாரோ போட்டிருக்கிறார்கள்.” கல்லைத் திறந்து பார்க்காமலே எப்படிச் சொன்னார் என்பது திறந்த பிறகுதான் புரிந்தது.

திறப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். கல் பார்வைக்கு முட்டை வடிவம்தான், ஆனால் கையால் அறுத்த கல் எதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால் திரும்ப உட்காராது. பிறகு, நகக்கண் தோலைத் தள்ளும் மெல்லிய கரண்டி இருக்கிறதே, அதன் முனையைத் தேய்த்து மழுக்கி, முப்பது பற்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒரே தடவையில் நிமிர்த்தினால் பல் முறியும். சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவு. விளிம்புக்குப் பெரும்பாலும் சொக்க வெள்ளியைத்தான் பயன்படுத்துவார்கள், மென்மையானது, பொறுமையாகப் போனால் ஒத்துழைக்கும். முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் மடித்த துண்டின் மேல் காப்பைக் கவிழ்த்து, முதுகுப் பக்கம் மரக் கரண்டிக் காம்பால் நான்கு தட்டு. கல் துண்டில் விழுந்தது.

கல்லுக்கு அடியில் மரத்தூள். கறுத்து, கட்டிதட்டி, ஒரு பக்கம் ஒட்டிக் குவிந்தும் இன்னொரு பக்கம் வெறுமையாகவும், மழையில் நனைந்த பழைய அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாசனையோடு. பழைய நவஹோ வேலையில் கல்லுக்கு அடியில் மரத்தூள் வைப்பது வழக்கம். கல்லின் அடிப்பக்கம் ஒழுங்கில்லாமல் இருந்தாலும் மரத்தூள் மெத்தை மாதிரி அதைத் தாங்கும், விளிம்புக்குச் சரியான உயரத்தையும் கொடுக்கும், எங்காவது இடித்துக்கொண்டால் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு, தண்ணீர் படாத வரைக்கும். தண்ணீர் உள்ளே போனால் மரத்தூள் ஊதும். ஊதிய தூள் கல்லை மேலே தள்ள, கல் பற்களைத் தள்ள, பற்கள் நிமிரும், விளிம்பின் ஒட்டு விடும். காய்ந்ததும் தூள் சுருங்கிவிடும், நிமிர்ந்த பற்கள் நிமிர்ந்தபடியே இருக்கும், கல் ஆட ஆரம்பிக்கும். கடகட சத்தத்தின் கதை இவ்வளவுதான். யாரோ காப்போடு பாத்திரம் கழுவியிருக்கிறார்கள், அல்லது என்னைப் போல நல்லெண்ணத்தோடு சோப்பு நீரில் ஊறவைத்திருக்கிறார்கள். என் காதணியில் ஒரு கல் கழன்றதற்கும் இப்படி ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கல்லை அதற்குப் பிறகு ஒரு மூடிய டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்துவிட்டேன். வெள்ளிக்கு வேண்டியது நெருப்பு, கல்லுக்கு அது ஆகாது. இரண்டையும் பிரித்த பிறகுதான் வேலை செய்யவே முடியும்.

கீறலைப் பற்றவைக்கும் வேலை. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த பத்தர் குமுட்டி அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து, வெங்காரம் தடவி, உருகி ஒட்டவைக்கும் உலோகப் பொடி வைத்து, ஊதுகுழலைக் கன்னம் உப்ப ஊதுவதைச் சின்ன வயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ‘பொடி வைத்து ஊதுகிறான்’ என்று யாரையாவது சொல்லும்போது அந்தப் பட்டறைதான் எனக்கு நினைவு வரும். இங்கே ஊதுகுழலுக்குப் பதில் எரிவாயு டார்ச், மற்றபடி அதே வேலைதான். கீறலுக்குள் வெங்காரக் குழம்பு, பொடியாக, எறும்புத் தலை அளவில் வெட்டிய மூன்று துணுக்குப் பற்று வெள்ளி. நான் எடுத்தது சுமார் 720 டிகிரி செல்சியஸில் உருகி ஓடும் ரகம், ஸ்டெர்லிங் 800-க்கு மேல் போனாலே இளக ஆரம்பித்துவிடும், ஆக இடைவெளி கொஞ்சம்தான். பழைய ஒட்டுகள் இளகாமல் இருக்க அவற்றின் மேல் காவிமண்ணைக் குழைத்துத் தடவச் சொன்னார் பெரியவர். கீறலின் மேல் மட்டும் தீயைக் காட்டினால் நடக்காது, வெள்ளியைப் போல வெப்பத்தைக் கடத்தும் உலோகம் வேறு இல்லை, முழுக் காப்பும் சூடானால்தான் அந்த ஓர் இடமும் சூடாகும். தீயை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். வெங்காரம் முதலில் பொரிந்து, பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்து, அப்புறம் சட்டென்று ஒரு பளிச், பொடி நீராகிக் கீறலின் நீளத்துக்கு ஓடி நின்றது. தீயை உடனே எடுத்துவிட்டேன். நீளம் ஆறு மில்லிமீட்டர்தான், என் கை நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் ஊறவைத்து வெங்காரத்தையும் கருகலையும் நீக்கினோம். அதற்குள் இரும்பு இடுக்கியை விடக்கூடாது, தாமிர இடுக்கிதான். இரும்பு பட்டால் கரைசலில் இருக்கும் தாமிரம் வெள்ளியின் மேல் ரோஜா நிறத்தில் படிந்துவிடும்.

இப்போது காப்பு பால் வெள்ளையாக இருந்தது, பார்க்கவே பாவமாக, என் காதணி மாதிரி. அடித்த வேலைப்பாட்டுக் கோடுகளில் கறுப்பு திரும்ப வர வேண்டும். அதற்குக் கந்தகக் கரைசல் கடையில் கிடைக்கும், நான் முட்டையை எடுத்தேன். இரண்டு முட்டையை நன்றாக வேகவைத்து, ஓட்டை உரித்துச் சூட்டோடு மசித்து, மூடி போட்ட டப்பாவில் ஒரு ஓரம் வைத்து, மறு ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் காப்பு. மஞ்சள் கருவிலிருந்து வரும் கந்தக வாயுவே வேலையைச் செய்துவிடும். ஒரு மணி நேரத்தில் தேன் நிறம், மூன்று மணியில் ஊதா கலந்த பழுப்பு, இரவு முழுக்க விட்டதில் காலையில் சீரான கருஞ்சாம்பல். அப்புறம் வெள்ளி துடைக்கும் துணியை விரலில் சுற்றி மேடான இடங்களை மட்டும் தேய்த்தேன். பள்ளங்களில் கறுப்பு நிற்க, மேடுகளில் வெள்ளி எழுந்து வர, மழைமேகம், அம்புமுனை, அரைவட்டக் கதிர் என்று அதுவரை கண்ணில் படாத வேலைப்பாடெல்லாம் ஒன்றொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. உளி மாதிரி கருவிகளைக் கையாலேயே செய்து ஒவ்வொரு குறியையும் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். ஒரு அரைவட்டம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லைப் பதிக்கும் முன் புது மரத்தூள், மேப்பிள் மரத்துடையது, நன்றாகக் காயவைத்துச் சலித்தது. பிளாஸ்டிக் தகடு வைக்கலாமே என்று கேட்டேன், வைக்கலாம்தான். ஆனால் செய்தவர் வைத்ததையே வைப்பது சரி என்று எனக்குப் பட்டது. தூளைப் பரப்பி, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைக் குறுக்கே போட்டு, அதன் மேல் கல்லை உட்கார வைத்துப் பார்க்கணும். உயரம் சரியில்லை என்றால் நூலைப் பிடித்துத் தூக்கிவிடலாம், நூல் இல்லாவிட்டால் கல் விளிம்புக்குள் சிக்கிக்கொண்டு வராது. மூன்று முறை தூக்கி, தூளைக் கூட்டிக் குறைத்து, நான்காவது முறை சரியாக உட்கார்ந்தது. பற்களை மடிக்கும்போது வரிசையாகப் போகக்கூடாது, கார் சக்கரம் மாட்டும்போது எதிரெதிர் நட்டை இறுக்குவது போல மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம், வலம், பிறகு இடைவெளிகள். வரிசையாகப் போனால் கல் ஒரு பக்கமாக ஒதுங்கி, கடைசிப் பல்லுக்கு இடமே இருக்காது. முடித்துவிட்டுக் காதில் வைத்து ஆட்டினேன். சத்தம் இல்லை.

அந்த வாரம்தான் அம்மா ஊரிலிருந்து வந்தார். காப்பைக் கையில் வாங்கியதும் முதலில் சொன்னது: “ஏண்டி, வெள்ளி இப்படிக் கோடு கோடா கறுத்துக் கிடக்கே, கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்ல?” புளி ஆகாதும்மா, புளிப்பு கல்லுக்குள்ள இறங்கிடும் என்றேன். “அப்ப விபூதி?” விபூதி வெள்ளிக்கு நல்லதுதான், ஆனால் அந்த மாவு கல்லின் பழுப்புக் கோடுகளில் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது, பள்ளத்துக் கறுப்பையும் தேய்த்துவிடும். அது அழுக்கு இல்லம்மா, அப்படித்தான் செஞ்சிருக்காங்க என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கல்லின் ஓரம் நடுவைவிடப் பச்சையாக இருப்பதையும் கவனித்தார், அது யாரோ வருடக்கணக்கில் போட்டிருந்த கையின் எண்ணெய் ஏறிய பச்சை. அதை நீக்க வழியும் இல்லை, நீக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. “நம்ம தோடுக்கு எண்ணெய் இறங்குதுன்னு சொல்லுவோமே, அந்த மாதிரி” என்றார். கிட்டத்தட்ட அதேதான்.

இப்போது காப்பை எப்படி வைத்திருக்கிறேன் என்றால், சென்ட், க்ரீம், கைக்குப் போடும் சானிடைசர் எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக மாட்டுவேன், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவேன். மாட்டும்போது இரண்டு முனையையும் பிடித்து விரிக்கக் கூடாது, விரித்து விரித்துச் சுருக்கினால் வெள்ளி இறுகி ஒருநாள் நடுவில் முறியும். மணிக்கட்டின் பக்கவாட்டில், எலும்புக்குக் கொஞ்சம் மேலே ஒல்லியான இடத்தில் ஒரு முனையை வைத்துச் சுழற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். கழற்றியதும் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, பிறகுதான் காய்ந்த பருத்தித் துணியால் துடைப்பது. கல்லில் கறை பட்டுவிட்டால் பிழிந்த துணியால் ஓர் ஒற்று, உடனே காய்ந்த துணி. வெள்ளி துடைக்கும் ரசாயனத் துணி கல்லின் பக்கமே போகாது. பூட்டி வைப்பது தனிப் பையில், காற்றை வெளியேற்றி, ஒரு துண்டு சாக்பீஸோடு. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் அந்தப் பெட்டியில் கிடையாது, இரண்டிலும் கந்தகம் உண்டு. அதிர்வில் சுத்தம் செய்யும் இயந்திரம், நீராவி, திரவத்தில் முக்கி எடுக்கும் வெள்ளிப் பாலிஷ் மூன்றும் டர்க்காய்ஸுக்கு வேண்டவே வேண்டாம். நகைக்கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தால் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் மற்ற நகைகளுக்கு அவர்கள் வழக்கமாகச் செய்வது அதைத்தான். அடிக்கடி போட்டுக்கொண்டால் துடைப்பதற்கே அதிகம் வேலை இருக்காது, துணியில் உரசி உரசி மேடுகள் தானே மினுங்கும்.

அம்மா இருந்த ஆறு வாரமும் காப்பு பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. பாத்திரம் கழுவப் போகும்போது கழற்றி, சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு கைக்குட்டையின் மேல் வைப்பார். வெயில் நேராக விழும் இடம் அது, நான் எடுத்து அலமாரிக்குள் வைப்பேன், மறுநாள் முதல் அவரே அலமாரியில் வைக்க ஆரம்பித்தார்.

அடுத்து அந்தக் காதணி. கழன்று விழுந்த கல்லை ஒரு மாத்திரை டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீளம் நாலரை மில்லிமீட்டர், விளிம்பின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மங்கிய நிறம் திரும்பாது. கல்லை அதன் இடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று சனிக்கிழமை பட்டறையில் பெரியவரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.